ஒற்றும் உபதையும்: மறைவேடச் செய்தித் தொழில் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

அரசியல் கூறும் நம் பழைய நூல்கள் ஒற்றரை அரசனுடைய கண்ணாகக் கருதின. அரசன் வீற்றிருந்த இடத்தில் மக்கள் வீற்றிருக்கும் இக்காலத்தில், அக்கண்ணின் பணியில் ஒரு கூற்றைச் செய்தித்தாள்கள் மேற்கொண்டுள்ளன. செய்தியாளர் ஒருவர் தம் பெயரையும் தொழிலையும் மறைத்து, வேறொருவராய் ஓரிடத்துட் புகுந்து, ஆங்கு நிகழ்வனவற்றைக் கண்டு வந்து எழுதுதல் இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது.

சென்னையின் தென்புறத்தே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2009ஆம் ஆண்டு சூன் திங்களில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழும் டைம்ஸ் நவ் தொலைக்காட்சியும் ஒருங்கே ஓர் ஆராய்ச்சிச் செய்தியை வெளியிட்டன. தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையிலும், போரூரிலும் உள்ள இரு தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு, இடம் நாடி வருவோரைப் போலச் செய்தியாளர் சென்றனர். ஆங்கு நன்கொடை பற்றி நிகழ்ந்த பேச்சை மறைகருவியிற் பதிந்தனர். பெருந்தொகை கேட்கப்பட்டது என்பது செய்தியின் சாரம். கல்லூரித் தரப்பினர் அதனை மறுத்தனர். அரசு விசாரணையும் எழுந்தது. கல்வி நிலையங்கள் நன்கொடை பெறுதலைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1992ஆம் ஆண்டிலேயே தடை செய்திருந்தமை ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இச்செயலை ஒற்று என்பதா, பொறி என்பதா? இவ்வினாவிற்கு விடை காண, இக்கால இதழியல் நூல்களினும் தமிழ் நூல்களும் அவற்றின் உரைகளுமே தெளிவான வழி காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். ஒற்று வேறு, உபதை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே இத்துறையில் குழப்பமும் தீங்கும் நேர்ந்தன என்பதனை இனி ஆராய்வாம்.

1. சொல்லும் பொருளும்

ஒற்று, ஒற்றாள், வேய், வேவு என்னும் சொற்கள் தமிழில் மிகப் பழையன. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக வேயினைக் கூறுகின்றது. பகைவர் நாட்டு ஆநிரை நிற்கும் இடத்தையும் காவலையும் மறைந்து சென்று அறிந்து வந்து உரைத்தல் அத்துறையின் பொருள். ஈண்டு ஒற்றன் எதனையும் நிகழ்த்துவதில்லை. முன்னரே இருப்பதனைக் காண்கின்றான். காண்டலும் வந்து கூறலுமே அவன் தொழில்.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் மற்றொரு குறிப்பு உளது. செங்குட்டுவன் வடதிசைச் செலவினைப் பிற வேந்தர்க்கு ஓலை போக்கி அறிவிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அழும்பில்வேள் அது வேண்டா என்கின்றான். அவ்வேந்தருடைய ஒற்றர் வஞ்சி வாயிலை விட்டு நீங்காது உறைகின்றனர்; நகரிற் பறையறைந்தால் போதும், செய்தி தானே சென்று சேரும் என்பது அவன் கருத்து. வாயிலில் நின்று அனைவர்க்கும் கேட்பதனைக் கேட்டலும் ஒற்றின்பாற் படும் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

இக்காலத்தில் 'ஸ்டிங் ஆபரேஷன்' என்று வழங்குவது இதனின் வேறானது. ஆங்குச் செய்தியாளர் தாமே ஒரு சூழலைப் படைக்கின்றார். பணத்தையோ வேறு நலத்தையோ நீட்டி, எதிரில் உள்ளார் கை நீட்டுகின்றாரா என்று பார்க்கின்றார். இதற்கு உரிய பழஞ்சொல் ஒற்று அன்று, உபதை என்பதாம்.

2. வள்ளுவரின் இரு அதிகாரங்கள்

திருக்குறளில் ஒற்றாடல் 59ஆம் அதிகாரம். தெரிந்து தெளிதல் 51ஆம் அதிகாரம். இவ்விரண்டும் தனித்தனியே நிற்றல் கருதத்தக்கது.

தெரிந்து தெளிதலின் முதற்குறள், வினைக்கு உரியானை அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஆராய்ந்து தெளிக என்று கூறுகின்றது. பரிமேலழகர் இந்நான்கனையும் நான்கு உபதைகளாக விரித்துரைக்கின்றார். அரசனே ஆள் விடுத்து, அவர் வாயிலாக ஒருவன்முன் ஆசையையோ அச்சத்தையோ வைத்து, அவன் மனம் திரிகின்றதா என்று சோதித்தல் உபதையாம். வடமொழிப் பொருள்நூலும் இச்சோதனைகளை விரிவாகக் கூறுகின்றது. ஆயினும் அந்நூலாசிரியர் ஓர் எச்சரிக்கையையும் உடன் வைக்கின்றார். கெடாதவன் ஒருவனை இச்சோதனையே கெடுத்துவிடலாகாது. அது தூய நீரில் நஞ்சு கலத்தலை ஒக்கும் என்பது அவ்வெச்சரிக்கை.

இனி, ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் எங்கும் ஆசை காட்டும்படி ஒற்றனுக்குக் கூறவில்லை. ஐயுறப்படாத உருவமும், கண்டார் உறுத்து நோக்கின் அஞ்சாமையும், அறிந்ததனை எவ்விடத்தும் வெளிவிடாமையும் அவனுக்குரிய இயல்புகள். துறவியின் தோற்றத்தோடு செல்லினும், யாது துன்பம் செய்யப்படினும் சோர்வுறாமை வேண்டும். மறைந்தவற்றைக் கேட்டறிந்து, அறிந்தவற்றில் ஐயமின்றி இருத்தல் வேண்டும். இவை யாவும் காண்பவனுக்கும் கேட்பவனுக்கும் உரியனவே.

மேலும் ஒன்று நோக்கத்தக்கது. வேடத்தைப் பற்றிப் பேசுவனவாக இவ்வதிகாரத்தில் இரண்டு குறட்பாக்களே உள்ளன. கொணர்ந்த செய்தியைச் சரிபார்த்தலையும் இரண்டு குறட்பாக்கள் பேசுகின்றன. ஓர் ஒற்றன் கூறியதனைப் பிறிதோர் ஒற்றனால் ஒற்றி அறிக என்பது ஒன்று. ஒருவரை ஒருவர் அறியாதவாறு ஒற்றரை ஆண்டு, மூவர் சொல் ஒத்தவழித் தெளிக என்பது மற்றொன்று. ஒற்றன் தான் ஒற்றச் சென்றவரோடு ஒத்து நின்று மாறிக் கூறுதலும் கூடும் என்பதனை உரையாசிரியர் இதற்குக் காரணமாகக் காட்டுகின்றார். வேடம் நன்கு அமைந்ததனாலேயே செய்தி மெய்யாகிவிடாது என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது.

3. வேடத்தின் அறம்

வேடம் பூணுதல் பொய்யன்றோ என்று கேட்கலாம். கூடாவொழுக்கம் என்னும் 28ஆம் அதிகாரத்தில் தவவேடத்தில் மறைந்து தீயன செய்வாரைக் கடுமையாகக் கடிந்த வள்ளுவர், 59ஆம் அதிகாரத்தில் ஒற்றனுக்கு அதே வேடத்தை உடன்படுகின்றார். இது முரண் போலத் தோன்றும். பெரியபுராணத்தில் முத்தநாதன் அடியார் கோலம் பூண்டு, ஏட்டுச் சுவடி போன்ற உறையுள் படைக்கலத்தை மறைத்து வந்து மெய்ப்பொருள் நாயனாரை வீழ்த்திய வரலாற்றை அறிந்த தமிழ் மக்களுக்கு வேடத்தின்மேல் அச்சம் இயல்பே.

முரணை நீக்க உதவுவது வாய்மை அதிகாரம். குற்றம் நீங்கிய நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்பது அங்குக் கூறப்படும் விதி. இவ்விதியில் நன்மை என்பதனோடு அமையாது, குற்றம் நீங்கிய நன்மை என்று அடைகொடுத்தமை உற்று நோக்கற்பாலது. நன்மை பொதுவானதாகவும், அதனால் வேறொருவர்க்குத் தீங்கு விளையாததாகவும் இருத்தல் வேண்டும். பொதுநலம் என்ற ஒரு சொல்லைக் கூறி எவ்வேடத்தையும் நியாயப்படுத்த இவ்விதி இடந்தரவில்லை.

4. மேனாட்டு வரலாறும் இந்திய வரலாறும்

1887ஆம் ஆண்டில் நெல்லி பிளை என்னும் பெண் செய்தியாளர், மனநோயாளியைப் போல நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல் தீவு மனநோய் மருத்துவமனையுட் புகுந்தார். பத்து நாள் அங்குத் தங்கி, நோயாளிகள் பட்ட இன்னலை நியூயார்க் வோர்ல்டு இதழில் எழுதினார். அவர் எவரையும் தூண்டவில்லை. நோயாளி நிற்கும் இடத்தில் நின்றார். நோயாளிக்கு நிகழ்வது அவருக்கு நிகழ்ந்தது. இது முழுமையான ஒற்று.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1885இல், இலண்டனில் டபிள்யூ. டி. ஸ்டெட் செய்தது வேறுவகை. சிறுமியர் விற்கப்படுதலை மெய்ப்பிக்க விரும்பிய அவர், பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை ஐந்து பவுனுக்குத் தாமே வாங்கச் செய்து, அதனைப் பால் மால் கெஜட் இதழில் எழுதினார். அவ்வாண்டிலேயே மணவாப் பெண்களின் இசைவு வயது 13இலிருந்து 16ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. ஆயினும் சிறுமியின் தந்தையிடம் இசைவு பெறாது அவளைக் கொண்டு சென்ற குற்றத்திற்காக ஸ்டெட் மூன்று திங்கள் சிறைத்தண்டம் பெற்றார். பயன் நன்று, ஆனால் குற்றம் நீங்கியதன்று.

இதனை ஒத்த நிகழ்ச்சி 1981இல் இந்தியாவில் நிகழ்ந்தது. இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தியாளர் அசுவினி சரின், பெண்கள் விற்கப்படுதலை மெய்ப்பிக்கும் பொருட்டு ஒரு பெண்ணை 2,300 ரூபாய்க்கு வாங்கி, அதனைச் செய்தியாக்கினார். இந்நிகழ்ச்சியைத் தழுவி விஜய் டெண்டுல்கர் மராத்தியில் 'கமலா' என்னும் நாடகத்தை இயற்றினார். செய்தியை வெளிக்கொணரும் பொருட்டு ஒருத்தி பொருளாக்கப்படின், விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் அவள் நோக்கில் வேறுபாடு யாது என்பது அந்நாடகம் எழுப்பும் வினா. இலக்கிய மாணவர் இத்துறை நூல்கள் பலவற்றினும் இந்நாடகத்தால் மிகுதியும் கற்கலாம்.

2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தெகல்கா நிறுவனம் வெளியிட்ட செய்தி முழுதும் உபதையாகும். செய்தியாளர் இல்லாத ஒரு படைக்கல வணிக நிறுவனத்தின் பெயரால் சென்று பணம் கொடுத்தனர். பாரதிய சனதாக் கட்சித் தலைவர் பங்காரு இலட்சுமணன் ஓர் இலட்சம் ரூபாய் பெற்ற காட்சி வெளியாகவே, அவர் பதவி விலகினார். 2012இல் நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டம் விதித்தது. அதே முயற்சியிற் சில அலுவலர்பாற் பெண்களை அனுப்பியமையும் பின்னர் வெளிப்பட்டுக் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பொருள் உபதையோடு நில்லாது இன்ப உபதையையும் கையாண்டமையால், அம்முயற்சியின் நியாயம் குறைந்தது.

2005ஆம் ஆண்டு திசம்பரில் கோப்ராபோஸ்ட் நிறுவனத்தார், பெயரளவிற் படைத்த ஒரு சிறுதொழில் சங்கத்தின் சார்பாகச் சென்று, நாடாளுமன்றத்தில் வினா எழுப்ப உறுப்பினர்க்குப் பணம் அளித்ததனைப் பதிவு செய்தனர். மக்களவையினர் பதின்மரும் மாநிலங்களவையினர் ஒருவரும் அத்திங்களிலேயே நீக்கப்பட்டனர். 2007இல் உச்ச நீதிமன்றம் அந்நீக்கத்தைச் செல்லும் என்றது. இதுவும் பொருள் உபதையே. ஆயினும் முன்னரே பதவியில் அமர்ந்து உறுதிமொழி ஏற்றார்பால், அப்பதவியின் கடமை பற்றியே நிகழ்ந்தமையால், இது பழைய நெறியோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது. செய்தியாளர்மேல் தொடுத்த வழக்கினைத் தில்லி உயர் நீதிமன்றம் 2010இல் தள்ளிவிட்டது. எனினும் 2014இல் வேறொரு வழக்கில், பொறி வைத்தார் யாவரும் பொதுநலத்திற்கே வைத்தனர் எனக் கொள்ளல் இயலாது. அவரவர் உட்கருத்தை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும் என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் கூறியுள்ளமை மறக்கற்பாலதன்று.

5. குற்றமற்றார் நிலை

ஒற்றின் வரலாற்றில் பெரிதும் மறக்கப்படுவார் குற்றமற்றார். புறநானூற்று 47ஆம் பாட்டின் வரலாறு இதனை உணர்த்தும். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை, நெடுங்கிள்ளி ஒற்றன் எனக் கருதிக் கொல்ல முற்பட்டான். கோவூர் கிழார் பாடி அவனை உய்யக் கொண்டார். ஆராயாத ஐயம் ஒன்று உயிரைக் குடிக்க இருந்தது. அறிந்தார் ஒருவர் அருகில் இருந்தமையால் அவ்வுயிர் தப்பியது.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தில்லியில் நிகழ்ந்ததில் அத்தகையார் ஒருவரும் அருகில் இல்லை. பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவியரைத் தீய தொழிலில் ஈடுபடுத்துகின்றார் என்று தொலைக்காட்சி ஒன்று மறைகருவிக் காட்சியை ஒளிபரப்பிற்று. மக்கள் திரண்டு அவரைத் தாக்கினர்; அவர் கைது செய்யப்பட்டார். பின்னர் நடந்த விசாரணையில் அக்காட்சி புனையப்பட்டது என்பதும், மாணவியாக நடித்தவர் மாணவி அல்லர் என்பதும் தெரிந்தன. அத்தொலைக்காட்சிக்கு ஒரு திங்கள் தடை விதிக்கப்பட்டது. இஃது ஒற்றும் அன்று, உபதையும் அன்று. மூவர் சொல் ஒத்தல் வேண்டும் என்ற விதியைக் கைக்கொண்டிருப்பின் இது தொடக்கத்திலேயே நின்றிருக்கும். பிறிதொரு மாணவியை, பிறிதோர் ஆசிரியரை, பள்ளிப் பதிவேட்டை ஒருமுறை நோக்கினாலே போதும்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு சூனில் வெளியான ஒரு மறைகருவிப் பதிவும் இவ்விதியின் பொருளை விளக்கும். அவ்வாண்டு பிப்ரவரியில், சட்டமன்றத்தின் நம்பிக்கை வாக்கெடுப்பிற்கு முன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூவத்தூர் விடுதியில் உறுப்பினர் தங்கியிருந்தபோது பணம் பேசப்பட்டது என்று உறுப்பினர் ஒருவர் கூறுவதாக அப்பதிவு அமைந்தது. அது தம் குரல் அன்று என அவர் மறுத்தார். ஒருவர் வாய்மொழி ஒன்றே சான்றாக நின்றமையால், அவர் மறுத்த அளவில் செய்தியும் ஐயத்தில் நின்றுவிட்டது. மெய்யாயினும் பொய்யாயினும், ஒற்றைச் சான்றின் வலி அவ்வளவே.

6. செய்முறை

மேற்கூறியவற்றால் மறைவேடச் செய்தியாளர்க்கு உரிய நெறியை ஒருவாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, தேவை. வெளிப்படையாக வினவிப் பெறக்கூடிய செய்திக்கு வேடம் வேண்டா. தமிழ்நாடு 1997இலேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது; நாடு முழுமைக்குமான சட்டம் 2005இல் வந்தது. ஏட்டில் உள்ளதனை ஏட்டினின்றே பெறுதல் நேரிய வழி.

இரண்டாவது, உருவம். பொதுமக்களுள் ஒருவராய், நோயாளியாய், தொழிலாளியாய், மாணவனின் உறவினராய்ச் செல்லலாம். காவலராகவோ அரசு அலுவலராகவோ நடித்தல் ஆகாது. அது முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 170ஆம் பிரிவின்படியும், 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்கிதையின் 204ஆம் பிரிவின்படியும் குற்றமாகும்.

மூன்றாவது, சொல். எதிரில் உள்ளார் வாயிலிருந்து தானே வருவதற்கும், நாம் ஊட்டிய சொல்லை அவர் திருப்பிக் கூறுவதற்கும் வேறுபாடு பெரிது. கட்டணம் யாது என்று வினவுதல் ஒற்று. இத்தனை இலட்சம் தருகின்றேன், இடம் தருவீரா என்று வினவுதல் உபதை.

நான்காவது, பதிவு. வெட்டாத முழுப்பதிவைக் காலமும் இடமும் குறித்துக் காத்தல் வேண்டும். தொகுத்த காட்சியில் வினா நீங்கி விடை மட்டும் நிற்கக்கூடும். முழுப்பதிவிலேயே ஒற்று இன்னது உபதை இன்னது எனப் பிரித்தறிய இயலும்.

ஐந்தாவது, ஒப்புமை காணல். வேறொருவர் வேறொரு நாளிற் சென்று கண்டதும், ஏட்டுச் சான்றும், பாதிக்கப்பட்டார் கூற்றும் ஒத்தல் வேண்டும். குற்றம் சாட்டப்படுவார்க்கு மறுமொழி கூற இடமளித்தலும் இதன்பாற் படும்.

ஆறாவது, வெளியிடுதல். இங்கு நம் பகுதியைச் சார்ந்த ஒரு வழக்கு உதவுகின்றது. திருவான்மியூரில் 1988ஆம் ஆண்டளவில் வெளிப்பட்ட கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர், செங்கற்பட்டுக் கிளைச்சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டது. சிறைத்துறையார் தடுத்தனர். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மூன்றை வரையறுத்தது. ஒருவருடைய தனிவாழ்வை அவர் இசைவின்றி வெளியிடல் ஆகாது. பொது ஆவணங்களில் உள்ளதனை வெளியிடலாம். பொது அலுவலர் தம் அலுவற் செயல்களுக்குத் தனிவாழ்வு என்னும் காப்பினைக் கோரல் இயலாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என உறுதி செய்தது. ஆதலின் மறைகருவியில் அகப்பட்ட குடும்பத்தார், கடைநிலை ஊழியர், வழிச்செல்வோர் ஆகியோரை நீக்கி, அலுவற் செயலை மட்டும் வெளியிடுதல் செய்தியாளர் கடமையாகும்.

7. ஒற்றனும் செய்தியாளரும்

இவ்விருவர்க்கும் உள்ள ஒரு வேறுபாட்டினைக் கூறுதல் வேண்டும். ஒற்றன் கொணர்ந்தது அரசன் செவிக்கு மட்டுமே உரியது; ஒற்றன் இறுதிவரை மறைந்தே நிற்பான். அவனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்தலும் ஆகாது என்று வள்ளுவர் விலக்குகின்றார். செய்தியாளரோ இறுதியில் வேடத்தைக் களைந்து, இன்னார் யான், இவ்வாறு சென்றேன், இதனைக் கண்டேன் என்று தம் பெயரோடு கூறக் கடமைப்பட்டவர். அரசன் ஒற்றன் சொல்லைச் சோதிக்க வேறிருவரை விடுக்கலாம்; மக்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே தாம் கண்ட முறையையும் செய்தியோடு சேர்த்து வெளியிட்டால்தான் மக்கள் அதனை எடைபோட இயலும். வேடம் புகுவதற்கு வாயில். வேடம் களைதலே நம்பிக்கைக்கு வாயில்.

முடிவுரை

குரோம்பேட்டை நிகழ்ச்சிக்கு மீள்வோம். ஆங்குச் செய்தியாளர் நின்ற இடம், ஆண்டுதோறும் மகனுக்கோ மகளுக்கோ இடம் நாடித் தந்தையும் தாயும் நிற்கும் இடமே. அவர் கட்டணத்தை வினவிய அளவில் நின்றிருப்பின் அச்செயல் ஒற்றாகும். தாமே தொகை கூறி அழைத்திருப்பின் உபதையாகும். மறுப்பும் குற்றச்சாட்டும் எதிரெதிர் நிற்கையில், இதனைத் தீர்க்க வல்லது வெட்டாத பதிவு ஒன்றே. இரு கல்லூரிகளை நாடியமை ஒப்புமை காண்டற்கு ஒருவாறு துணை செய்யும் என்பதும் கூறத்தகும்.

தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை நீளும் இப்பகுதியில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் மிகுதி. அவற்றின் கதவுகளுக்குப் பின்னால் நிகழ்வதனை, அவற்றை நம்பி வாழும் மக்கள் அறிய வேண்டும். அதற்கு ஒற்று வேண்டும். ஆனால் கெடாதவரைக் கெடுக்கும் உபதையும், ஆராயாத ஒற்றைச் சான்றும், இளந்தத்தன் போன்ற ஒருவரையே முதலில் வீழ்த்தும். இதழியல் பயிலும் மாணவர் மறைகருவியைக் கையாளக் கற்கும் முன், ஒற்றாடலையும் தெரிந்து தெளிதலையும் உரையோடு ஒருங்கு வைத்துக் கற்பாராயின், இவ்விரண்டின் எல்லையையும் தெளிவாக உணர்வர்.